மென்பொருள் ஆக்கமும் மாற்றக் குறிப்பேடும்

கணனிக்கு இடும் கட்டளைகளை ஆக்குவோர் முதலில் எழுதுவது வெறும் எழுத்தேயாகும். கடிதம் எழுதுவது போலவே எழுத்தும் எண்ணும் குறியும் கொண்டு வரிவரியாக அவர்கள் எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்டது மூல நிரல் எனப்படும். வங்கியிலே பணக்கணக்கை வைத்திருப்பதும், மருத்துவமனையிலே நோயாளர் குறிப்பைக் காப்பதும், கைப்பேசியிலே ஒருவர் குரலை மற்றொருவரிடம் சேர்ப்பதும் அடிப்படையில் இத்தகைய எழுத்துகளே. ஆயினும் எழுதி முடித்த அளவில் வேலை முடிந்துவிடுவதில்லை. மூல நிரல் பெரும்பாலும் கணனிக்குரிய வடிவமாக மாற்றப்பட்டு, வேறு பகுதிகளோடு பொருத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, பயன்படும் இடத்திற்குக் கொண்டு செல்லப்படல் வேண்டும்.

ஆகவே மென்பொருளாளர் முன் இரு கேள்விகள் எப்பொழுதும் நிற்கின்றன. மூலத்தை யார், எப்பொழுது, எதற்காக மாற்றினார் என்பது ஒன்று. இப்பொழுது இயங்கிக்கொண்டிருக்கும் பொருள் மெய்யாகவே அந்த மூலத்திலிருந்து வந்ததுதானா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை தருவது பதிப்புக் கட்டுப்பாடு. இரண்டாவது கேள்விக்கு விடை தருவது கட்டுமானத் தொடர். அத்துறையினர் அதனைப் பைப்லைன் என்றே வழங்குவர். இவ்விரண்டும் ஒரே நாளில் ஓர் அறிஞர் மனத்தில் உதித்தவை அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, பெரும்பாலும் பிழைகளின் வாயிலாகவே, அத்துறையினர் கற்றுக்கொண்ட பாடங்கள் அவை.

பதிப்புக் கட்டுப்பாட்டின் தேவையைத் தமிழ் கற்றோர் எளிதில் உணர்வர். பழைய நூல்களை ஏட்டிலிருந்து அச்சிற்குக் கொணர்ந்தவர்கள் ஒரே பாட்டிற்குப் பல பாடபேதங்களைக் கண்டனர். ஓர் ஏட்டில் ஒரு சொல்லும், மற்றோர் ஏட்டில் வேறு சொல்லும் இருக்கும். மாற்றியவர் யார், அறிந்து மாற்றினாரா, கைதவறி எழுதினாரா என்பவற்றை ஏடு சொல்வதில்லை. பதிப்பாசிரியர் பல ஏடுகளையும் ஒப்புநோக்கி, மூலம் இன்னதாயிருக்கலாம் என்று ஊகித்துத் துணிய வேண்டியதாயிற்று. ஏடெழுதியவர் தாம் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தம் பெயர், நாள், காரணம் என்பவற்றோடு தனியே குறித்து வைத்திருந்தால் அத்துன்பம் இருந்திராது. மென்பொருளாளர் தமக்கென அமைத்துக்கொண்டது அத்தகைய குறிப்பேடேயாம்.

இக்குறிப்பேட்டின் வரலாறு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டில் அங்குப் பணிபுரிந்த மார்க் ரொச்கைண்ட் என்பார் மூல நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஒரு மென்பொருளை ஆக்கினார். ஆங்கில முதலெழுத்துகளால் எஸ்.சி.சி.எஸ். என அது வழங்கப்பட்டது. ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாகச் சேமித்தால் அக்காலக் கணனிகளின் சிறிய நினைவகம் விரைவில் நிரம்பிவிடும். ஆதலால் முந்திய பதிப்புக்கும் பிந்திய பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மாத்திரம் அது சேமித்தது. 1980களின் தொடக்கத்தில் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் டிச்சி இம்முறையைத் திருத்தி ஆர்.சி.எஸ். என்னும் கருவியை அமைத்தார். மக்கள் மிகுதியும் நாடுவது புதிய பதிப்பையே என்பதை அவர் கருத்திற் கொண்டார். ஆகவே புதியதை முழுமையாக வைத்து, பழையவற்றை அடைவதற்கு வேண்டிய வேறுபாடுகளைப் பின்னோக்கிச் செல்லுமாறு வைத்தார். சிறு மாற்றந்தான், எனினும் அன்றாட வேலை அதனால் விரைவுற்றது.

இக்கருவிகளிலே ஓர் இடர் இருந்தது. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அதற்குப் பூட்டு விழும். அவர் திருப்பி வைக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பூட்டியவர் அதனை மறந்து விடுமுறையிற் சென்றால் வேலை நின்றுவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த டிக் குரூன் 1986இல் வெளியிட்ட சி.வி.எஸ். என்னும் கருவி வேறு வழியைக் காட்டியது. பலரும் ஒரே கோப்பைத் தத்தம் படியிலே திருத்தலாம். பின்னர் அவர்களுடைய திருத்தங்கள் ஒன்றாக இணைக்கப்படும். இருவர் வெவ்வேறு இடங்களைத் தொட்டிருந்தால் கருவி தானாகவே இணைத்துவிடும். இருவரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் முடிவு கூறும் பொறுப்பை அது மனிதரிடமே விட்டுவிடும். யார் கூறுவது சரி என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. முரண் உள்ள இடத்தை மறைக்காமற் காட்டுவதே அதன் கடமை.

இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது கிட் என்னும் கருவியாகும். அது தோன்றிய வரலாறு சுவையானது. பின்லாந்திற் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உலகின் பல பாகங்களிலிருந்தும் தொண்டர் பலர் வளர்த்து வந்தனர். நெடுங்காலம் அவர்களுடைய திருத்தங்கள் மின்னஞ்சலிலே வந்து சேர்ந்தன. 2002ஆம் ஆண்டு முதல் பிட்கீப்பர் என்னும் தனியார் கருவியை அவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தினர். 2005ஆம் ஆண்டில் அச்சலுகை நீக்கப்பட்டது. பிறர் தயவில் இருந்த கருவி கைவிட்டுப் போனபின், டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். சில நாள்களுள் அக்கருவி தன் சொந்த மூல நிரலின் மாற்றங்களைத் தானே பதிந்து வைக்கும் நிலையை எய்தியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு கிட்டின் துணையோடு வெளிவந்தது. யூலை மாதத்தில் அதன் பராமரிப்பை யூனியோ ஹமானோ என்பாரிடம் அவர் ஒப்படைத்தார்.

கிட்டின் சிறப்புகளில் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, குறிப்பேடு ஓரிடத்தில் மாத்திரம் இருப்பதில்லை. வேலையிற் சேரும் ஒவ்வொருவரும் முழு வரலாற்றின் படியையும் தம் கணனியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நிலையம் தீப்பற்றினாலும் வரலாறு அழியாது. இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்பட்ட ஓர் அடையாளம் உண்டு. நாற்பது குறிகள் கொண்டதாக அது பெரும்பாலும் எழுதப்படும். முந்திய பதிவின் அடையாளமும் அக்கணிப்பிற் சேர்க்கப்படுவதால் பதிவுகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டுள்ளன. பத்தாண்டுக்கு முன் எழுதிய ஒரு வரியிலே இன்று ஒருவர் கள்ளத்தனமாக ஓர் எழுத்தை மாற்றினால், அன்று முதல் இன்று வரையுள்ள அடையாளங்கள் யாவும் மாறிப்போம். பிறர் கையிலுள்ள படிகளோடு அது ஒவ்வாது, மோசடி வெளிப்படும். அடையாளத்தைக் கணிக்க முதலில் எடுத்துக்கொண்ட முறையில் உள்ள ஒரு வலுக்குறைவு 2017இல் செயலிலே காட்டப்பட்டது. அதன்பின் அம்முறை உறுதிப்படுத்தப்பட்டதோடு, அதனினும் வலிய முறையொன்றும் கிட்டிலே சேர்க்கப்பட்டது.

நல்ல கருவி இருந்தாலும் அதனைக் கையாளும் பழக்கம் நன்றாயிருத்தல் வேண்டும். அனுபவம் மிக்க மென்பொருளாளர் இளையோர்க்குக் கூறும் முதற் பாடம், ஒரு பதிவில் ஒரு மாற்றத்தையே வைக்க வேண்டும் என்பதாம். ஒரு பிழையைத் திருத்தியதும், பெயரொன்றை மாற்றியதும், புதிய வசதியைச் சேர்த்ததும் ஒரே பதிவிற் கலந்து கிடந்தால், பின்னர் அவற்றுள் ஒன்றை மாத்திரம் நீக்குவது அரிதாகும். இரண்டாவது பாடம், என்ன மாற்றப்பட்டது என்பதோடு ஏன் மாற்றப்பட்டது என்பதையும் எழுத வேண்டும் என்பது. என்ன மாற்றப்பட்டது என்பதைக் கருவியே காட்டிவிடும். ஏன் என்பது எழுதியவர் நெஞ்சிலே மாத்திரம் இருப்பது. அவர் வேலையை விட்டுச் செல்லும்போது அதுவும் அவருடன் சென்றுவிடும்.

சிறு பதிவுகளின் பயன் பிழை தேடும்போது நன்கு விளங்கும். கடந்த மாதம் ஒழுங்காயிருந்த ஒரு மென்பொருள் இன்று பிழைபடுகிறது என்று கொள்வோம். இடையில் ஆயிரம் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயிரம் முறை முயல வேண்டியதில்லை. நடுவிலுள்ள பதிப்பை எடுத்துச் சோதித்தால், பிழை அதற்கு முன்னா, பின்னா வந்தது என்று தெரியும். ஐந்நூறு கழிந்துவிடும். எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்கலாம். இவ்வாறு பத்துச் சோதனைகளில் ஆயிரத்துள் ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒன்று பத்து வரிகளாயின் பிழை உடனே கண்ணிற்படும். பதினாயிரம் வரிகளாயின் தேடல் மறுபடியும் தொடங்க வேண்டியதே.

இனி இரண்டாவது கேள்வியை நோக்கலாம். மூலத்திலிருந்து இயங்கும் பொருளை ஆக்குவது கட்டுதல் எனப்படும். பெரிய மென்பொருளிலே ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒன்றை மாற்றியதும் யாவற்றையும் மீளக் கட்டினால் காலம் வீணாகும். சிலவற்றை மாத்திரம் கட்டினால் வேண்டியதொன்று விடுபடலாம். 1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்திலே ஸ்டீவ் ஜோன்சன் என்னும் மென்பொருளாளர் ஒரு காலைப்பொழுது முழுவதையும் இல்லாத ஒரு பிழையைத் தேடுவதிற் கழித்தார். மூலத்திலே பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மீளக் கட்டப்படவில்லை. பழைய பொருளே இயங்கிக்கொண்டிருந்தது. தம் தோழர் ஸ்டுவர்ட் பெல்ட்மனிடம் அவர் இதனைக் கூறி நொந்துகொண்டார். பெல்ட்மனும் அதற்கு முந்திய மாலையில் அதே தொல்லையை அனுபவித்திருந்தார். ஒரு வார இறுதியில் அவர் அமைத்த கருவியே மேக் என்பது. எந்தப் பொருள் எந்த மூலங்களைச் சார்ந்தது என்று மென்பொருளாளர் ஒரு கோப்பில் எழுதி வைப்பார். மூலத்தின் நேரம் பொருளின் நேரத்தினும் பிந்தியதாயின் அப்பொருளை மேக் மீளக் கட்டும், இல்லையாயின் விட்டுவிடும். அரை நூற்றாண்டாகியும் அக்கருவி வழக்கொழியவில்லை.

மேக் கருவியில் ஒரு குறையும் நிலைத்துவிட்டது. அதன் கோப்பிலே சில வரிகள் சாதாரண இடைவெளியால் அன்றி, டாப் என்னும் தனிக்குறியாலேயே தொடங்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால் பயில்வோர் பலர் இடர்ப்பட்டனர். சில வாரங்களிலேயே பெல்ட்மன் அக்குறையை உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுடைய வேலையைக் குலைக்க விரும்பாமல் அதனை அப்படியே விட்டுவிட்டார். பன்னிருவரின் வசதிக்காக விடப்பட்டதை அவர்களுக்குப் பின் வந்தோர் அனைவரும் சுமக்கின்றனர். தொடக்கத்திலே திருத்தாத பழக்கம் பின்னர்த் திருத்துதற்கு அரிதாகும் என்பது மென்பொருளுக்கு மாத்திரம் உரிய உண்மை அன்று.

அடுத்து வந்த முன்னேற்றம், பலருடைய வேலையை அடிக்கடி ஒன்றிணைத்துச் சோதிப்பது. முன்பெல்லாம் ஒவ்வொருவரும் மாதக்கணக்காகத் தனித்து எழுதி, முடிவில் ஒன்றுசேர்க்க முயல்வர். அப்பொழுது ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு பொருந்தாமற் போகும். சேர்ப்பதற்கே வாரங்கள் கழியும். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முதலியோர் இதனைத் தலைகீழாக்கினர். துன்பம் தரும் செயலைத் தள்ளிப்போடாது, நாள்தோறும் பலமுறை சிறிது சிறிதாகச் செய்தால் துன்பம் குறையும் என்பது அவர்கள் கொள்கை. இதற்கு உதவும் கருவிகளும் தோன்றின. 2001இல் குரூஸ் கண்ட்ரோல் வெளிவந்தது. பின்னர் வந்த ஹட்சன் என்னும் கருவியிலிருந்து 2011இல் ஜென்கின்ஸ் பிரிந்து பெயர்பெற்றது. ஒருவர் ஒரு மாற்றத்தைப் பதிந்ததும் இக்கருவிகள் தாமாகவே மூலத்தை எடுத்து, கட்டி, சோதனைகளை நடத்தி, தவறினால் உடனே அறிவிக்கும். யாவும் தேறினால் பொருளை அடுத்த படிக்கு அனுப்பும். படிப்படியாக ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் இவ்வொழுங்கே கட்டுமானத் தொடர்.

இத்தொடரின் கடைசிப் படியிலே மனிதக் கை தவறினால் விளைவது யாது என்பதற்கு 2012ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்றாகும். அமெரிக்கப் பங்குச் சந்தையிலே பெருமளவில் வியாபாரம் செய்துவந்த நைட் கப்பிட்டல் என்னும் நிறுவனம், எட்டுச் சேவையகக் கணனிகளிலே புதிய நிரலை இட வேண்டியிருந்தது. அதனை இட்டவர் ஏழில் இட்டு ஒன்றை விட்டுவிட்டார். அவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்கவில்லை; சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதியும் அங்கு இருக்கவில்லை. விடுபட்ட எட்டாவது கணனியிலே, 2003ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பழைய நிரற்பகுதி நீக்கப்படாமற் கிடந்தது. முன்னாளில் அப்பகுதியைத் தொடக்கிவைத்த அதே குறியைப் புதிய நிரல் வேறொரு பணிக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

ஓகஸ்ட் முதலாம் நாள் காலை சந்தை திறந்தது. புதிய குறியுடன் வந்த கட்டளைகள் எட்டாவது கணனியிலே உறங்கிக்கிடந்த பழைய பகுதியை எழுப்பின. எவ்வளவு பங்கு வாங்கியாயிற்று என்பதை எண்ணி நிறுத்தும் ஆற்றலை அது முன்னரே இழந்திருந்தது. 212 கட்டளைகளை நிறைவேற்றப் புகுந்த அது, ஏறக்குறைய 45 நிமிடங்களுள் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வியாபாரங்களைச் செய்துவிட்டது. பதறிய ஊழியர், புதிய நிரலே குற்றவாளி என்று கருதி, ஒழுங்காயிருந்த ஏழு கணனிகளிலிருந்தும் அதனை நீக்கினர். அதனால் அக்கணனிகளிலும் பழைய பகுதி விழித்துக்கொண்டது. சந்தை திறப்பதற்கு முன்னரே 97 மின்னஞ்சல்கள் பிழையொன்றைக் குறித்து ஊழியர்க்குத் தாமாகச் சென்றிருந்தன. அவற்றை எச்சரிக்கையாக எவரும் கொள்ளவில்லை. நிறுவனத்தின் நட்டம் 46 கோடி டொலருக்கு மேற்பட்டது. அடுத்த ஆண்டில் அரசின் பங்குச் சந்தை ஆணைக்குழு அதற்கு ஒரு கோடியே இருபது இலட்சம் டொலர் தண்டமும் விதித்தது. அவ்வாண்டிலேயே அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனி இருப்பை இழந்தது.

இச்சம்பவத்திலே ஒருவரைக் குற்றஞ்சாட்டி அமைதலடைவது எளிது. எட்டில் ஒன்றை மறப்பது மனித இயல்பு. அம்மறதியைத் தாங்கும் ஒழுங்கு இல்லாமையே பெருங்குற்றம். ஒரே வேலையைப் பலமுறை பிசகாமற் செய்வதிலே மனிதனைவிடப் பொறி மேலானது. எட்டுக் கணனியிலும் ஒரே பதிப்பு உளதா என்று ஒப்பிடுவதும் அதற்கு எளிது. பயனற்ற நிரலை நீக்கத் தயங்கக் கூடாது என்பதும் இங்குக் கற்கத்தக்கது. பதிப்புக் கட்டுப்பாடு உள்ள இடத்திலே நீக்கியது அழிந்துபோவதில்லை. வேண்டும்போது குறிப்பேட்டிலிருந்து மீட்கலாம். பின்வாங்கும் வழியை அமைதியான நேரத்திலே ஒத்திகை பார்த்திருத்தல் வேண்டும். ஆபத்து வேளையில் அதனைப் புதிதாகச் சிந்திப்பது ஆபத்தைப் பெருக்கும்.

இதுவரை கூறியது தவறுதலைப் பற்றியது. வஞ்சனை புகுந்தால் யாது செய்வது? யுனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவராகிய கென் தொம்சன் 1984இல் வெளியான தம் விருதுரையிலே இக்கேள்வியை எழுப்பினார். மூல நிரலை எவ்வளவு கூர்ந்து படித்தாலும், அதனைக் கட்டும் கருவியிலே வஞ்சனை இருந்தால் படிப்பவர் அதனைக் காண இயலாது என்று அவர் காட்டினார். நாற்பது ஆண்டு கழித்து அவ்வெச்சரிக்கைக்கு இனமான ஒன்று மெய்யாகவே நிகழ்ந்தது.

லினக்ஸ் கணனிகளிலே பரவலாயுள்ள எக்ஸ்-செட் என்னும் சுருக்கற் கருவியை ஒரு சிலரே தொண்டாகப் பேணி வந்தனர். இரண்டாண்டுக்கு மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பெயரில், 2024ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் மார்ச்சிலும் இரு பதிப்புகள் வெளிவந்தன. கட்டுமானத்தின்போது ஒரு கள்ளவாசலை உட்புகுத்தும் ஏற்பாடு அவற்றிலே மறைந்திருந்தது. அதன் ஒரு பகுதி சோதனைக் கோப்பு என்ற பெயரில் கிட் குறிப்பேட்டில் இருந்தது. அதனை இயக்கிவைக்கும் சிறு பகுதியோ குறிப்பேட்டில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியிலே மாத்திரம் இருந்தது. குறிப்பேட்டைப் படித்தவர் எவரும் முழுச் சதியையும் கண்டிருக்க முடியாது.

அதனைக் கண்டவர் அண்ட்ரெஸ் ப்ரொயிண்ட் என்னும் மென்பொருளாளர். தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறக்குறைய அரை நொடி கூடுதலாகச் செல்வதை அவர் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாது காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச் 29ஆம் நாள் தாம் கண்டதை உலகுக்கு அறிவித்தார். அப்பதிப்புகள் பெருவழக்கிலுள்ள நிலையான வெளியீடுகளைப் பெரும்பாலும் அடையாத நிலையிலேயே சதி தடுக்கப்பட்டது.

இத்தகைய வஞ்சனைக்கு எதிராக மென்பொருளாளர் மேற்கொண்டுள்ள முயற்சிகளில் ஒன்று, ஒரே மூலத்தை யார் எங்கே கட்டினாலும் ஓரெழுத்தும் மாறாத ஒரே பொருள் கிடைக்குமாறு செய்வது. டெபியன் என்னும் லினக்ஸ் தொண்டர் குழுவினர் 2013ஆம் ஆண்டு முதல் இதற்கு உழைத்து வருகின்றனர். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. கட்டிய நேரம், கோப்புகளின் வரிசை, கணனியின் பெயர் முதலிய சிறு செய்திகள் பொருளினுள்ளே புகுந்து அதனை வேறுபடுத்திவிடும். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கியபின், தொடர்பற்ற இருவர் தனித்தனியே கட்டித் தம் பொருள்களை ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாயின் இடையிலே எவரும் கைவைக்கவில்லை என்று கொள்ள வலிய ஆதாரம் உண்டு. வேறாயின் ஆராய வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இப்பாடங்களைக் கருவிகளை வாங்குவதனால் மாத்திரம் பெற்றுவிட முடியாது. காரணத்தை எழுதி வைக்க ஒருவர் சில நிமிடம் செலவிடல் வேண்டும். பிறர் மாற்றத்தைப் படித்துப் பார்க்க மற்றொருவர் ஒரு மணி நேரம் ஒதுக்கல் வேண்டும். பலர் பயன்படுத்தும் ஒரு கருவியைத் தனித்து நின்று பேணுபவர் களைத்துப்போகாமல், பயன்பெறுவோர் அவருக்குத் துணை நிற்றல் வேண்டும். எக்ஸ்-செட் கருவியிலே வஞ்சகர் புகுந்த வழி, அதனைப் பேணியவரின் சோர்வும் உதவியாளர் இன்மையுமே. உலகம் தன் பணத்தையும் நோய்க் குறிப்பையும் தொடர்பையும் ஒப்படைத்திருக்கும் எழுத்துகளைக் காப்பவர் எத்தனை பேர், அவர்களுக்கு ஓய்வளிக்க எவர் உளர் என்பது, மென்பொருளாளர் அல்லாதாரும் கேட்கத்தக்க கேள்வியாகும்.